‘டுடே மார்னிங்’ சொன்னால் என்ன தப்பு?

கேள்வி: 8 ஜூன் 2024, சனி, காலை 9.40

சார், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. நேற்று சாயங்காலம் அமெரிக்க கிளையன்ட் காலில் ‘டுடே மார்னிங் ஐ சென்ட் த ஃபைல்’ என்றேன். கால் முடிந்ததும் டீம் லீட் கூப்பிட்டு, “டுடே மார்னிங்னு யாரும் சொல்ல மாட்டாங்கம்மா, திஸ் மார்னிங்னு சொல்லு” என்றார். ‘யெஸ்டர்டே மார்னிங்’ சரியாம், ‘டுமாரோ மார்னிங்’ சரியாம். நடுவில் இருக்கிற ‘டுடே’ மட்டும் என்ன பாவம் பண்ணியது? கேட்டால் “அது அப்படித்தான்” என்கிறார். அது அப்படித்தானா?

8 ஜூன், காலை 11.15

அது அப்படித்தான்.

8 ஜூன், பகல் 2.30

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மூன்று பேர் திட்டியிருக்கிறார்கள். சரி, கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நேற்றைக்கு: யெஸ்டர்டே மார்னிங், யெஸ்டர்டே ஆஃப்டர்னூன், யெஸ்டர்டே ஈவினிங். ராத்திரி வந்ததும் கட்சி மாறி ‘லாஸ்ட் நைட்’. இன்றைக்கு: திஸ் மார்னிங், திஸ் ஆஃப்டர்னூன், திஸ் ஈவினிங், டுநைட். நாளைக்கு நாலு வேளைக்கும் டுமாரோ. ஆக டுமாரோவுக்கு நாலு, யெஸ்டர்டேக்கு மூன்று, டுடேக்கு ஒன்றுமில்லை. நியாயம் கேட்டால் கிடைக்காது. ‘லாஸ்ட் ஈவினிங்’ என்று சொன்னால் அதுவும் தப்பு.

ஆனால் நம் ஆட்கள் ஏன் ‘டுடே மார்னிங்’ என்கிறார்கள் என்பதற்கு நியாயம் உண்டு. ‘இன்று காலை’ நம் வாயில் இரண்டு சொல். இன்று என்றால் டுடே, காலை என்றால் மார்னிங், ஒட்டவைத்தால் வேலை முடிந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், ‘இன்று’ என்பதன் முதலில் நிற்கும் ‘இ’யும் ‘இந்த’ என்பதில் இருக்கும் ‘இ’யும் ஒரே சுட்டுத்தான். அன்று, அந்த; இன்று, இந்த. அதனால் ‘திஸ் மார்னிங்’ என்கிறவர் ‘இந்தக் காலை’ என்றுதான் சொல்கிறார். நாமும் அதைத்தான் சொல்கிறோம், வழியில் ஒரு நாளையும் சேர்த்துக்கொள்கிறோம்.

8 ஜூன், இரவு 11.50

திருத்தம். ‘லாஸ்ட் ஈவினிங்’ தப்பு என்று எழுதியது அவசரம். மயிலாப்பூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர், “தம்பி, அது தப்பு இல்லை, பேச்சில் குறைவாக வரும், கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அவ்வளவுதான்” என்று எழுதியிருக்கிறார். அம்மா சொல்வதே சரி. ‘யெஸ்டர்டே நைட்’டுக்கும் அவர் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறார். நான் இன்னும் காட்டவில்லை.

இன்னொன்றும் சொன்னார்: ‘குட் நைட்’ விடைபெறும்போது மட்டும். இரவு பதினொன்றுக்கு ஒரு வீட்டுக்குள் நுழைந்தாலும் ‘குட் ஈவினிங்’தான். பெருங்குடியில் நைட் ஷிப்டில் இருந்தபோது வாசலில் செக்யூரிட்டி அண்ணன் உள்ளே போகும்போதே “குட் நைட் சார்” என்று சல்யூட் அடிப்பார். தூக்கத்தை விட்டுவிட்டு வந்தவனுக்கு அதைவிடக் குத்தலான வரவேற்பு கிடையாது. உள்ளே போனால் எல்லோரும் ‘குட் மார்னிங்’ என்பார்கள், அமெரிக்காவில் அப்போது காலை. பத்தடி தூரத்தில் பொழுது மாறிவிடும்.

10 ஜூன், திங்கள்

செக்யூரிட்டி அண்ணனை நினைத்ததும் பழைய காயம் ஒன்று கிளம்பிவிட்டது. எழுதிவிடுகிறேன்.

2006, ஆகஸ்ட். எங்கள் பக்கத்து சிஸ்டத்தைப் பழுது பார்க்க நிறுத்தப் போகிறார்கள். கிளையன்ட்டுக்கு மெயில் போட வேண்டிய பொறுப்பு என்னுடையது. செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஒரு மணி இருக்கும். மேலாளர் என் மேசைப் பக்கம் வந்து, “இன்னைக்கு நைட் பதினொண்ணுக்கு நிறுத்தறோம், சொல்லிடுப்பா” என்றார். நானும் ‘டுடே நைட் 11 பி.எம்.’ என்று எழுதி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அவர் சொன்னது செவ்வாய் இரவு 11, சென்னையில். மெயில் போய்ச் சேர்ந்தபோது நியூயார்க்கில் திங்கள் பிற்பகல் 3.30. கோடையில் நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அவர்கள் படித்தது திங்கள் இரவு 11, அவர்கள் ஊரில். அன்றிரவு ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். ஒன்றும் நிற்கவில்லை. மறுநாள் செவ்வாய், மதியம் 1.30, வேலை தலைக்கு மேல் இருக்கிற நேரம், சிஸ்டம் படுத்துவிட்டது.

அடுத்த காலில் கிளையன்ட் பக்கத்து அம்மா கத்தவில்லை. இரண்டே கேள்வி கேட்டார். “விச் டுடே? ஹூஸ் நைட்?” எந்த இன்று, யாருடைய ராத்திரி.

பல வருஷம் இதை நான் இலக்கணப் பாடமாக வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘டுடே நைட்’ என்று எழுதாதீர்கள், பாருங்கள் எனக்கு என்ன ஆனது என்று. இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது: ‘டுநைட்’ என்று சுத்தமாக எழுதியிருந்தாலும் இதே கதிதான். என்னைக் கவிழ்த்தது இலக்கணம் இல்லை. தேதியும் ஊரும் போடாத சோம்பல்.

அம்பத்தூர்க்காரருக்கும் இதே தொல்லை உண்டு. நீங்கள் வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு ஃபைல் அனுப்பியிருந்தால், நியூயார்க்கில் அப்போது நள்ளிரவு 12.30. உங்கள் டீம் லீட் சொன்ன ‘திஸ் மார்னிங்’ சரியான ஆங்கிலம்தான். ஆனால் கேட்கிறவர் காலையில் வந்து அலுவலகத்தில் உட்கார்ந்த பிறகு வந்த மெயில்களில் தேடுவார். மணியைச் சொல்லியிருந்தால் ‘டுடே மார்னிங்’ என்று சொன்னதைக்கூட யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

11 ஜூன், நள்ளிரவு தாண்டி 1.10

தூக்கம் வரவில்லை. மேலே தேதியை 11 என்று போட்டேன், மனசு 10 என்கிறது. நமக்கு ராத்திரி என்பது முந்தின பகலின் வால். பஞ்சாங்கத்திலும் சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். அங்கிருந்துதான் நாழிகை எண்ணுகிறோம், 24 நிமிடம் ஒரு நாழிகை, 60 நாழிகை ஒரு நாள். அதனால்தான் கல்யாண வீட்டில் நடுராத்திரி இரண்டு மணிக்குத் தேங்காய் உரித்துக்கொண்டே “விடிஞ்சா கல்யாணம், இன்னும் பூ வரலை” என்கிறோம். கடிகாரப்படி கல்யாண நாள் பிறந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அதை யார் ஒப்புக்கொள்கிறார்கள்?

இந்த ‘விடிஞ்சா’வுக்கு ஆங்கிலத்தில் சொல் இல்லை. சவால்.

15 ஜூன், சனி

பெரம்பூரிலிருந்து ஒருவர், “இது வெறும் பேச்சு இல்லை சார், டிக்கெட்டே போச்சு” என்று எழுதியிருக்கிறார். அவருக்கு நடந்ததேதான் எங்கள் சித்தப்பாவுக்கும் நடந்தது. நள்ளிரவைத் தாண்டிப் புறப்படும் வண்டி. டிக்கெட்டில் 15ஆம் தேதி, 00.20. சித்தப்பா 15ஆம் தேதி முழுக்க நிதானமாகப் பெட்டி கட்டி, ராத்திரி சாப்பிட்டுவிட்டு, பதினொன்றரைக்கு ஸ்டேஷன் போய் உட்கார்ந்தார். வண்டி போய் கிட்டத்தட்ட 23 மணி நேரம் ஆகியிருந்தது. போனில் என்னிடம் கேட்டார், “ஏண்டா, 15ஆம் தேதி ராத்திரின்னுதானே போட்டிருக்கான்?” ராத்திரி என்று எங்கேயும் போடவில்லை சித்தப்பா, 00.20 என்று போட்டிருக்கிறான். “பூஜ்யம் மணின்னா என்னடா அர்த்தம்?” இதற்கு என்னிடம் பதில் இல்லை. அதற்கப்புறம் வீட்டில் யார் ராத்திரி வண்டிக்கு டிக்கெட் எடுத்தாலும் ‘14 விடிஞ்சா 15’ என்று பேனாவில் எழுதி வைக்கிறார். என்ன தெளிவு பாருங்கள்.

15 ஜூன், சாயங்காலம்

‘நெக்ஸ்ட் சாட்டர்டே’ என்றால் 22ஆ 29ஆ என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஆங்கிலேயர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது, விடுங்கள். ‘வர்ற சனி’, ‘அதுக்கு அடுத்த சனி’ என்று தமிழில் பேசிவிட்டு, ஆங்கிலத்தில் தேதியைப் போட்டுவிடுங்கள்.

15 ஜூன், இரவு

மணி சொல்வதைப் பற்றிக் கேட்டவருக்கு. ஆறே முக்கால் என்கிறபோது நாம் ஆறில் நின்றுகொண்டு எவ்வளவு கடந்துவிட்டது என்று பார்க்கிறோம். ‘குவார்ட்டர் டு செவன்’ என்கிறவர் ஏழைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு பாக்கி என்கிறார். அதனால்தான் வகுப்பில் ‘குவார்ட்டர் டு சிக்ஸ்’ என்று வாயில் வந்துவிடுகிறது. முக்கால் காதில் விழுகிறது, ஆறு காதில் விழுகிறது, ஏழு எங்கிருந்து வரும்?

அரையில் மட்டும் நமக்கு ஒரு லாட்டரி அடித்தது. 2009இல் லண்டன் ஆள் ஒருவர் ‘ஹாஃப் செவன்’ என்று கால் வைத்தார். ஏழரை என்று நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு குறித்துக்கொண்டோம். சரியாகவே இருந்தது, பிரிட்டிஷ் பேச்சில் ‘ஹாஃப் பாஸ்ட் செவன்’ அப்படித்தான் சுருங்கும். அதே காலுக்கு ஜெர்மனியிலிருந்து ஒருவர் வர வேண்டும். அவர்கள் மொழியில் ‘ஏழின் பாதி’ என்றால் ஆறரை. மனிதர் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். ஏழரை அன்றைக்கு நம்மைப் பிடிக்காமல் அவரைப் பிடித்துக்கொண்டது.

16 ஜூன், ஞாயிறு

“இந்த ஒன்பதரை, பத்தரை என்று அரைமணி ஏன் ஒட்டிக்கொண்டு வருகிறது?” கிழக்கு 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து 1906 ஜனவரி 1 முதல் இந்தியாவுக்கு ஒரே நேரம் என்று வைத்தார்கள். கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி முன்னால். அதற்கு முன் இந்திய ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில்! நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டிய வானாய்வகம் கணித்த நேரம் அது. இப்போதைய நேரத்தைவிட சுமார் 9 நிமிடம் பின்னால் இருக்கும். என் ஏழு மணி வகுப்புக்குப் பத்து நிமிடம் லேட்டாக வருகிறவர்களுக்கு 9 நிமிடத்துக்குச் சரித்திர ஆதாரம் இருக்கிறது. மீதி ஒரு நிமிடத்துக்கு வேளச்சேரி சிக்னல் பொறுப்பு.

23 ஜூன், ஞாயிறு

போன வாரம் வகுப்பில் ஒரு பையன். முதல் வேலை, பயம், நல்ல பையன். மேலாளர் அவனிடம் ‘ஐ மெட் யுவர் ஃபாதர் தி அதர் டே’ என்றிருக்கிறார். இவன் “ஷ்யூர் சார், ஐ வில் டெல் ஹிம்” என்றிருக்கிறான். வேறொரு நாள் சந்திக்கப் போகிறார் என்று நினைத்துவிட்டான். ‘அதர்’ என்றால் வேறு, ‘டே’ என்றால் நாள், அவன் என்ன செய்வான்? ‘தி அதர் டே’ என்பது அப்படியே நம் ‘அன்னைக்கு’. “அன்னைக்கு உங்கப்பாவைப் பார்த்தேன்.” எந்தக் கிழமை என்று சொல்லவும் மாட்டோம், கேட்கவும் மாட்டோம், கிட்டத்தில் நடந்தது என்று மட்டும் இரண்டு பேருக்கும் தெரியும். வேறொரு நாள் வேண்டுமென்றால் ‘சம் அதர் டே’. ‘எவ்ரி அதர் டே’ என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒரே ‘அதர்’ மூன்று வேஷம் போடுகிறது.

அவனே கேட்டான், “சார், ‘வித்தின் சாட்டர்டே’ன்னு மெயில் போட்டேன், சிரிச்சாங்க.” சனிக்கிழமைக்குள். அந்த ‘உள்’தான் ‘வித்தின்’ ஆகிவிட்டது. ‘வித்தின் டூ டேஸ்’ சரி, ஏனென்றால் இரண்டு நாள் என்பது நுழைந்து உட்காரக்கூடிய இடம். சனிக்கிழமை என்பது வாசல். அதற்கு ‘பை சாட்டர்டே’. ‘அண்டில்’ போட்டால் சனி வரைக்கும் செய்துகொண்டே இருப்பேன் என்றாகிவிடும். க்குள், வரைக்கும் என்று நம்மிடம் சுத்தமாகப் பிரிந்தே இருக்கிறது. தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினால் இந்த இடத்தில் தப்பே வராது.

‘ஒன் ஃபைவ் மினிட்ஸ்’ பற்றியும் கேட்டிருந்தார்கள். ஒரு அஞ்சு நிமிஷம். நம் ‘ஒரு’வை எண்ணிக்கையின் முன்னால் போட்டால் சுமாராக என்று பொருள், அதை ‘ஒன்’ என்று எடுத்துப் போகக் கூடாது. ‘அபௌட் ஃபைவ் மினிட்ஸ்’. ஆனால் உண்மையில் எவ்வளவு நேரம் என்பதை எந்த மொழியும் சொல்லாது.

24 ஜூன்

‘ஃபோர்ட்நைட்’ என்றால் பதினைந்து நாள் என்று எங்கேயோ படித்ததாக ஒரு கல்லூரி மாணவி. இல்லம்மா, பதினாலு. ‘ஃபோர்ட்டீன் நைட்ஸ்’ சுருங்கி வந்த சொல். ஒரு காலத்தில் அவர்கள் நாளை ராத்திரியால் எண்ணியிருக்கிறார்கள். வாரத்துக்குக்கூட ‘செவன் நைட்’ சுருங்கி ‘சென்னைட்’ என்று ஒன்று இருந்து, வழக்கொழிந்துவிட்டது. அமெரிக்கர்களிடம் ஃபோர்ட்நைட் அவ்வளவாகப் புழங்காது, ‘டூ வீக்ஸ்’ என்று போட்டால் வம்பில்லை.

நாம் இரண்டு வாரத்தைப் ‘பதினஞ்சு நாள்’ என்கிறோம். பட்சத்துக்குப் பதினைந்து திதி என்பதால் வந்த பழக்கம் என்று நினைக்கிறேன். பிரெஞ்சுக்காரர்களும் இரண்டு வாரத்தைப் பதினைந்து நாள் என்றுதான் சொல்வார்கள், புதுச்சேரிப் பக்கம் கேட்டிருக்கிறேன். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவில் சராசரியாக 14.77 நாள். ஆங்கிலேயர்கள் ஒரு பக்கம் தட்டிவிட்டார்கள், நாம் ஒரு பக்கம் ஏற்றிவிட்டோம். மளிகைக்கடைக் கணக்குதான்.

6 ஜூலை, சனி

தோற்றேன். 11ஆம் தேதி நடுராத்திரியில் விட்ட சவாலுக்கு மயிலாப்பூர் அம்மா பதில் போட்டிருக்கிறார்: ‘கம் மார்னிங்’. ‘கம் மார்னிங், தே வில் பி மேரீட்.’ காலை வந்தால், விடிந்தால். அச்சு அசல். இது ஆங்கிலத்தில் நெடுநாளாக இருக்கிற வழக்காம். இதைக் கேட்ட ஞாபகம் எனக்கு இருக்கிறது, ஆனால் ‘விடிஞ்சா’வோடு ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

அதோடு விடவில்லை அவர். ‘டுமாரோ’வுக்குள் இருக்கிற ‘மாரோ’வே காலைதான் என்கிறார். பழைய ஆங்கிலத்தில் விடியலுக்கு இருந்த சொல்லின் மிச்சம். அந்தக் கணக்கில் ‘டுமாரோ மார்னிங்’ என்பது ‘காலையில் காலை’. ‘டுடே’யின் ‘டு’வுக்கும் ‘இந்த நாளில்’ என்பதுபோல ஒரு பொருள். நூறு வருஷத்துக்கு முன்வரை நடுவில் கோடு போட்டு இரண்டு துண்டாகத்தான் எழுதுவார்களாம். இவ்வளவையும் படித்துவிட்டு அம்பத்தூர்க்காரர், “அப்போ காலையில் காலைன்னு சொல்லலாம், இந்நாளில் காலைன்னு சொல்லக் கூடாது, அப்படித்தானே சார்?” என்று கேட்கிறார்.

அப்படித்தான்.

4 நவம்பர் 2024, திங்கள்

நாலு மாதமாகத் தூங்கிக் கிடந்ததை அம்பத்தூர்க்காரரே எழுப்பிவிட்டார். நேற்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளிவிட்டார்கள். நவம்பர் முதல் ஞாயிறு, 2007லிருந்து இதுதான் கணக்கு. நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் இனி நமக்கு 6.30 இல்லை, 7.30. கேப் நேரம், சாப்பாட்டு நேரம், தூக்கம் எல்லாம் ஒரு மணி நகரும். ‘ஒன்பதரை மணி வித்தியாசம்’ என்று மேலே நான் எழுதியதை இனி மார்ச் வரை பத்தரை என்று படித்துக்கொள்ளுங்கள்.

அவர் எழுதியிருப்பது: “சார், டீம் லீட் எல்லோருக்கும் மெயில் போட்டிருக்கார். ‘ஃப்ரம் டுடே நைட் ஆன்வர்ட்ஸ், லாகின் அட் 7.30.’ டுடே நைட்! அவரே! கீழே ‘4 நவம்பர், இந்திய நேரம்’னு தெளிவா போட்டிருக்கார், அதனால யாருக்கும் குழப்பம் இல்லை. ஆனாலும் எனக்குக் கை துறுதுறுங்குது. ரிப்ளை ஆல் போட்டுத் திருத்தட்டுமா?”

இன்கிரிமென்ட் எந்த மாதம் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.